ரெண்டு குரலும் கேட்க வேண்டும்

போன மாதம் கீர்த்தனா என்ற பெண் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி லாண்டரியில் நான் பார்த்த சூப்பர்வைசர் வேலையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். படித்த பிள்ளை. கிணத்துக்கடவில் பஸ்ஸை விட்டு இறங்கி, வழியெல்லாம் விசாரித்து வந்திருந்தாள். கொடுத்த தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் வந்த விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

“பெரிய சண்டையின்னா மேல எழுதிக் குடுத்துரலாங்க்கா. இது அப்படி இல்லை. ஒருத்தி இன்னொருத்திகிட்ட மூஞ்சி குடுத்துப் பேசமாட்டேங்கறா. டிராலிய டம்முன்னு விடறா. என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லேங்கறாங்க. பழைய ஆபீசர் ஜமால் சாருக்கு போன் பண்ணுனேன். துளசிமணியம்மாவைக் கேளுன்னுட்டாரு.”

அடுத்த மாதம் எல்லாப் பிரிவு சூப்பர்வைசர்களையும் வைத்து ஒரு கூட்டமாம். நான் வந்து அரை மணி நேரம் பேச வேண்டுமாம்.

“மைக்கு முன்னாடியா? எனக்கு வாயே வராது கண்ணு. எழுதித் தரட்டுமா?”

அவள் சிரித்துவிட்டு, “எழுதுங்க்கா, நான் படிச்சுப்போடறேன்” என்றாள். அதனால்தான் இது. நான் அஞ்சாவதோடு நின்றவள். எழுத்துப் பிழையெல்லாம் கீர்த்தனா திருத்திக்கொள்வாள். விஷயம் மட்டும் என்னுடையது.

லாண்டரியில் நான் இருபத்தேழு வருடம் இருந்தேன். அதற்கு முன்னால் தேங்காய் மட்டை உரிக்கிற களத்தில் கூலி வேலை. ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். சோப்புத்தூள் அளவு, சூடு, எந்தப் பையில் என்ன துணி வரும் என்பதெல்லாம் மூன்று மாதத்தில் படிந்துவிட்டது. மனிதர்களைப் பழகத்தான் நாளானது.

லாண்டரி என்றால் நடுவில் ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் அழுக்குப் பக்கம், மறுபக்கம் வெள்ளைப் பக்கம். வார்டிலிருந்து வரும் மூட்டைகளை அழுக்குப் பக்கத்தில் பிரித்துப் பார்த்து மெஷினில் போடுவோம். மெஷினுக்கு இரண்டு கதவு. இந்தப் பக்கம் போட்ட துணியைச் சுவருக்கு அந்தப் பக்கம் எடுப்பார்கள். அங்கே உலர்த்தி, ரோலரில் விட்டு இஸ்திரி போட்டு, மடித்து வார்டுக்கு அனுப்புவார்கள். பதினாலு பெண்கள், ஏழு ஜோடி. எல்லா ஜோடியும் முறை வைத்து ஒரு வாரம் அழுக்குப் பக்கம் நிற்க வேண்டும்.

இங்கே ஏன் ஜோடி என்றால், படுக்கை விரிப்பை ஒரு ஆளால் கையாள முடியாது. இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடிக்க வேண்டும்.

அழுக்குப் பக்கத்தில் அந்த மூலையில்தான் கவனம். ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகும் முன்னால் நர்ஸ்கள் நகையெல்லாம் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிடச் சொல்வார்கள். சில வயசானவர்களுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. யாருக்கும் தெரியாமல் விரிப்பு மூலையில் முடிந்து வைத்துவிடுவார்கள். முடிச்சுக்குள் திருநீற்றுப் பொட்டலம் இருக்கும், ஜெபமாலை இருக்கும், தாயத்து இருக்கும், சில சமயம் பல் செட்டுகூட இருக்கும். அதனால் ஜோடி இரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு மூலையைத் தடவிப் பார்த்துவிட்டு “ரெண்டு” என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் ஒரு ரெண்டு, அந்தப் பக்கம் ஒரு ரெண்டு. இரண்டு குரலும் கேட்டால்தான் விரிப்பு மெஷினுக்குள் போகும். கிடைத்த பொருள் தகரப் பெட்டிக்குள் போகும், நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள்.

வெள்ளைப் பக்கத்தில் மடிப்பது வேறு விதம். எதிரெதிரே நின்று விரிப்பை இழுத்து ஒரு உதறு உதறி, பாதியாக மடித்து, பிறகு ஒருத்தி தன் மூலைகளை எடுத்துக்கொண்டு மற்றவளிடம் நடந்து போய்க் கொடுக்க வேண்டும். ஒரு விரிப்புக்கு இவள் நடந்தால் அடுத்ததற்கு அவள் நடப்பாள். யாரும் சொல்லிவைத்துச் செய்வதில்லை, ஜோடி நல்லபடியாக இருந்தால் அது பாட்டுக்கு நடக்கும்.

ஜமால் சார்தான் எனக்கு இதைக் காட்டினார். கோயமுத்தூர் பழைய ஊருக்குள் தையற்கார வீட்டில் பிறந்தவர். ஆஸ்பத்திரியில் கிழிந்த துணி தைக்க வந்து, படிப்படியாக லாண்டரிக்கே ஆபீசர் ஆனவர். ஆபீசர் ஆன பிறகும் கழுத்தில் டேப் தொங்கும். ரூமுக்குக் கூப்பிட்டு யாரையும் கேள்வி கேட்டதில்லை. காலையில் வருவார், அடுக்கி வைத்த விரிப்புகளில் நடுவிலிருந்து ஒன்றை உருவுவார், நாலு மூலையும் சேர்ந்திருக்கிறதா என்று பார்ப்பார், உருவின இடத்திலேயே செருகிவிட்டுப் போவார். மூலை சேராமல் இருந்தால் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். “எப்ப இருந்து?” யார் செய்தது, ஏன் செய்தது என்றெல்லாம் முதலில் கேட்கவே மாட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டதும் நாம் நாளை யோசிக்க ஆரம்பிப்போம். அந்த நாள் ஞாபகம் வந்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்பதும் கூடவே வந்துவிடும்.

என்னை சூப்பர்வைசர் ஆக்குகிறேன் என்று அவர் சொன்ன அன்று தலையை ஆட்டி மறுத்தேன்.

“எனக்குப் பேச வராதுங்க சார்.”

“பேசறதுக்கு இங்க பதிமூணு பேரு இருக்காங்க துளசியம்மா. பாக்கறதுக்குத்தான் ஆள் இல்லை.”

அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் வந்தது ஃபேன் தகராறு. ருக்மணி மேசைக்கும் பரிமளா மேசைக்கும் நடுவில் ஒரு ஸ்டாண்டு ஃபேன். ருக்மணி அந்தப் பக்கமாகப் போகும்போதெல்லாம் ஃபேனைத் திருப்பி வைப்பாள். பரிமளா போகும்போது மறுபடி திருப்பி வைப்பாள். வாய் பேசாமல் ஃபேன் கழுத்தைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அந்தக் கழுத்தே கழன்று தொங்கியது. அப்புறம்தான் தனித்தனியாகக் கேட்டேன்.

ருக்மணி, “எனக்குச் சைனஸ்ங்க்கா, காத்துப் பட்டா தலை வெடிச்சுப்போகுது” என்றாள்.

பரிமளா, “எனக்குக் காது வலிங்க்கா, காத்தே ஆவறதில்லை” என்றாள்.

இரண்டு பேருக்குமே காற்று வேண்டாம். தன்மேல் வேண்டுமென்றே காற்றை விடுகிறாள் என்று ஒருத்தியைப் பற்றி ஒருத்தி நினைத்திருக்கிறார்கள். ஃபேனைச் சரிபண்ணி என் மேசைப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் நான் மட்டும் சொகுசாக உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் போகும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இந்த மாதிரி சின்ன விஷயம் இரண்டு மூன்றைச் சரிபண்ணியதும் எனக்கு வேலை தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் பூங்கொடி, ஸ்டெல்லா விஷயம் வந்தது. அதில் நான் செய்த தப்பைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

பூங்கொடியும் ஸ்டெல்லாவும் ஒன்பது வருட ஜோடி. பூங்கொடி இரண்டு வயது மூத்தவள், சத்தக்காரி. ஸ்டெல்லா அமைதி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். எதைக் கேட்டாலும் “நாங்க” என்றுதான் பதில் சொல்வார்கள். “நாங்க சாப்பிட்டோங்க”, “நாங்க அந்த மூட்டையப் பிரிக்கலீங்க”. ஒருத்திக்குத் தலைவலி வந்தால்கூட “எங்களுக்குத் தலைவலிங்க்கா” என்பாள் பூங்கொடி.

ஒரு திங்கட்கிழமை வெள்ளைப் பக்கத்தில் இவர்கள் மடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா நடந்து வந்து மூலையைக் கொடுத்தாள். அடுத்த விரிப்புக்கும் அவளே வந்தாள். அதற்கடுத்ததற்கும் அவள்தான். பூங்கொடி நின்ற இடத்தில் நின்றுகொண்டு, வந்த மூலையை வெடுக்கென்று வாங்கினாள். முகத்தைப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, கையிலிருந்த லிஸ்டைப் படிக்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டேன். ஒன்பது வருட ஜோடி, தானே சரியாகிவிடும், நான் போய்க் கேட்டால் பெரிசாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பூங்கொடி வாயைக் கண்டால் எனக்குப் பயம். அந்த வாரம் முழுக்க ஸ்டெல்லாதான் நடந்தாள்.

அடுத்த வாரம் அவர்கள் முறை அழுக்குப் பக்கம் வந்தது. அந்த வாரம் பார்த்து ரோலர் தகராறு செய்ததால் நான் வெள்ளைப் பக்கத்தை விட்டு நகரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம் எலும்பு வார்டு நர்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார். அந்தியூர்ப் பக்கத்துப் பாட்டியம்மா ஒருவருக்கு இடுப்பு எலும்பு முறிந்து அதற்கு முந்தின நாள் ஆபரேஷன் நடந்திருக்கிறது. போகும் முன் காதிலிருந்த சிவப்புக்கல் தோடு இரண்டையும் கழற்றி விரிப்பு மூலையில் முடிந்திருக்கிறார். அவர் தியேட்டரில் இருந்த நேரத்தில் விரிப்பை மாற்றிவிட்டார்கள். மயக்கம் நன்றாகத் தெளிந்ததும் மூலையைத் தேடியிருக்கிறார். “தோட்டைக் கண்ணுல காட்டுனாத்தான் கஞ்சி குடிப்பேன்னு வாயை மூடிக்கிட்டாங்க” என்றார் நர்ஸ்.

தகரப் பெட்டியைத் திறந்தேன். தோடு இல்லை. நோட்டிலும் இல்லை. அந்த வார்டு மூட்டையைப் பிரித்தது பூங்கொடியும் ஸ்டெல்லாவும். நான் கேட்கப் போனபோது செக்யூரிட்டி ஆபீசரும் பின்னாலேயே வந்துவிட்டார்.

“எனக்குத் தெரியாதுங்க்கா” என்றாள் பூங்கொடி. “எம் பக்கத்து மூலை ரெண்டையும் நான் பாத்துப்போட்டேன். அவ பக்கத்தை அவளைத்தான் கேக்கோணும்.”

ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக “நாங்க” வரவில்லை. பூங்கொடி பொய் சொல்லவில்லை, மனதில் பட்டதைத்தான் சொன்னாள். ஆனால் கேட்டுக்கொண்டிருந்த ஆபீசருக்கு அது விரலை நீட்டிக் காட்டிய மாதிரி ஆகிவிட்டது.

ஸ்டெல்லா, “நானும் பாத்தேங்க்கா” என்றாள்.

நாலு மணிக்கு ஷிப்டு முடிந்து எல்லோரும் பஞ்ச் அடிக்க வரிசையில் நிற்கும்போது, அத்தனை பேர் முன்னாலும் ஸ்டெல்லாவின் பையை வாங்கி மேசைமேல் கொட்டினார் ஆபீசர். டிபன் பாக்ஸ், சீப்பு, ஜெபமாலை, மடித்த ஒரு காகிதப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்தார். குங்குமம். மேலே ஆனைமலை மாசாணியம்மன் கோயில் என்று அச்சடித்திருந்தது.

“ஏம்மா, நீ சர்ச்சுக்குப் போறவதானே? உனக்கு எதுக்கு இது?”

ஸ்டெல்லா பொட்டலத்தை எடுத்து மறுபடி மடித்தாள். காது சிவந்துபோனது.

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாப்போம். பொருள் வரலையின்னா வேலையிலிருந்து நிறுத்திட்டு போலீஸ்ல எழுதிக் குடுத்துருவோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் நடந்தபோது பூங்கொடி உள்ளே குளித்துக்கொண்டிருந்தாள். அழுக்குப் பக்கம் நின்றவர்கள் குளிக்காமல் வெளியே வரக்கூடாது. ஸ்டெல்லா முன்னாலேயே குளித்துவிட்டு வந்திருந்தாள். ஸ்டெல்லா பையை வாரிக்கொண்டு துணி மாற்றும் அறைக்குச் செருப்பெடுக்கப் போனாள். நானும் பின்னால் போனேன். அங்கே பூங்கொடி தலையைத் துவட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசிக்கொண்டிருந்தாள்.

“யாரு எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு எம்மேல பழி வந்துச்சுன்னா அடுத்த அமாவாசைக்கு ஆனைமலைக்குப் போயி மொளகாய அரைச்சுப் பூசிப்போடறேன். எடுத்தவிய எரிஞ்சு சாவட்டும்.”

பொருள் தொலைந்தாலும் அநியாயம் நடந்தாலும் எங்கள் பக்கத்தில் மாசாணியம்மன் கோயிலுக்குப் போய் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசிவிட்டு வருவார்கள். செய்தவரை அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று கணக்கு. யாரும் அதை விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

ஸ்டெல்லா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். “அரைங்க்கா. நானும் கூட வாரேன். அம்மிக் குழவிய ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு அரைக்கலாம்.”

அந்த இரண்டு வாரத்தில் அவர்கள் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான் என்று பிறகு தெரிந்தது. பூங்கொடி துவட்டுவதை நிறுத்தினாள். எனக்குள்ளும் ஏதோ இடித்தது. எடுத்தவள் கூட வந்து அரைக்கிறேன் என்பாளா?

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னாலேயே போனேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றுகொண்டேன். எடுத்தாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஜமால் சார் கேள்விதான் வந்தது.

“எப்ப இருந்து கண்ணு?”

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “அமாவாசையில இருந்துங்க்கா” என்றாள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றால் ஸ்டெல்லாவின் வேலையைப் பூங்கொடி பார்ப்பாள். பூங்கொடி ஆனைமலைக்குப் போகும் அமாவாசையில் ஸ்டெல்லா தன் லீவை விட்டுவிட்டு வந்து நிற்பாள். வாய்ப்பேச்சுதான், எங்கேயும் எழுதிக் கொடுப்பதில்லை. பூங்கொடி தன் மகளுக்காக அஞ்சு அமாவாசை விடாமல் வருவதாக வேண்டியிருந்தாள். நாலு முடிந்து அஞ்சாவது அது. அன்றைக்கு ஸ்டெல்லா மறந்துபோனாள். மகளோடு உக்கடம் பஸ் ஸ்டாண்டு வரை போன பூங்கொடியை, ஆள் இல்லை என்று போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டுவிட்டார்கள். கூப்பிட்டது நான்தான். எதற்காகப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் சொல்லவில்லை, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போனாள்.

“மறுநாள் ஞாயித்துக்கெழமை, சர்ச்சுல பூசை முடிச்சுட்டு நான் ஆனைமலைக்குப் போனேங்க்கா. அவியளுக்காக வேண்டிக்கிட்டு குங்குமம் வாங்கிட்டு வந்தேன். குடுக்கறதுக்கு மூஞ்சியப் பாக்கோணுமில்லீங்க்கா. அவிய பாக்கவே இல்லை. அப்படியே பையில கிடக்குது.”

பிறகு அடுத்த கேள்வி கேட்டேன்.

“மூலை பாக்கறப்ப ரெண்டு சொன்னீங்களா?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இல்லீங்க்கா. அவிய சொல்லலை. நானும் சொல்லலை.”

அந்த வாரம் முழுக்க அழுக்குப் பக்கத்தில் இரண்டு குரலும் இல்லை. ஒருத்தி கையை ஒருத்தி பார்த்துக்கொண்டு, அவள் முடித்துவிட்டாள் என்று இவளும், இவள் முடித்துவிட்டாள் என்று அவளும் நினைத்து விரிப்பை மெஷினில் தள்ளியிருக்கிறார்கள். அப்படியானால் ஒரு மூலை முடிச்சோடேயே போயிருக்கலாம்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த விரிப்பின் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். மெஷினில் துவைத்தாகிவிட்டது. முடிச்சு நனைந்து இறுகியிருக்கும். உலர்த்துகிற மெஷினிலும் அவிழாது. ரோலருக்கு வந்தால் முடிச்சுள்ள துணியை உள்ளே விட முடியாது, மாட்டிக்கொள்ளும். அப்போது ரோலரில் நிற்கிறவள் என்ன செய்வாள்? கிழிசலோடு சேர்த்துத் தையல் கூடையில் வீசுவாள். தையற்காரர் வருவது செவ்வாயும் சனியும். நாளைக்கு வெள்ளிக்கிழமைதான், கூடை அப்படியே இருக்கும்.

திருட்டு என்ற பேச்சு வந்ததும் எல்லோரும் பையைத் தேடினோம். விரிப்பைத் தேட வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

மறுநாள் காலை ஜமால் சாரிடம் சொன்னேன். அவர் ஆபீசரையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூடையை நானே கொட்டித் தேடியிருக்கலாம். ஆனால் பூங்கொடியையும் ஸ்டெல்லாவையும் கூப்பிட்டேன்.

“ரெண்டு பேரும் மூலை பாத்துக் குடுங்க. சத்தமாச் சொல்லோணும்.”

முதல் விரிப்பை எடுத்தார்கள். “ரெண்டு” என்றாள் ஸ்டெல்லா. பூங்கொடி மூலையைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள்.

“எனக்குக் கேக்கலை அம்மணி.”

“ரெண்டு” என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

கிழிந்தது, கறை பட்டது, ஓரம் பிரிந்தது என்று ஒவ்வொன்றாக வந்தது. ரெண்டு, ரெண்டு. பத்துப் பன்னிரண்டு ஆனதும் பூங்கொடியின் குரல் தரையை விட்டு மேலே வந்தது. ஆபீசர் இரண்டு தடவை கடிகாரம் பார்த்தார். கூடை முக்கால்வாசி காலியானபோது, ஸ்டெல்லா ரெண்டு சொன்ன பிறகு அந்தப் பக்கம் குரல் வரவில்லை. பூங்கொடி கையில் கல் மாதிரி இறுகிய ஒரு முடிச்சு.

பூங்கொடி முடிச்சைத் தடவினாள். பிறகு அதைப் பிடித்துக்கொண்டு, விரிப்பு தரையில் இழுபட, ஸ்டெல்லாவிடம் நடந்து போனாள். ஸ்டெல்லாவுக்கு நகம் நீளம். அவள் அவிழ்த்தாள். பஞ்சுக்குள் சுற்றிய சிவப்புக்கல் தோடு இரண்டும் இருந்தது.

“இது யாரு பக்கம் இருந்த மூலைன்னு இப்ப எப்படித் தெரியும்?” என்றாள் பூங்கொடி. அவளே, “எம் பக்கமாத்தான் இருக்கும். அன்னைக்கு நான் பாத்த லட்சணம் எனக்குத் தெரியும்” என்றாள்.

ஸ்டெல்லா, “நாங்க பாக்காம விட்டுட்டோங்க சார்” என்று ஜமால் சாரிடம் சொன்னாள்.

நோட்டில் ஸ்டெல்லா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைப் பூங்கொடியிடம் நீட்டினாள். ஆபீசர், “சரி சரி, கெடச்சிருச்சில்ல. எல்லாரும் வேலையப் பாருங்க” என்று கிளம்பினார்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. “சார், ஒரு நிமிசங்க” என்றேன். அவர் திரும்பினார். ரோலர் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

“பையை எங்க வெச்சுக் கொட்டுனீங்களோ அங்கயே, எல்லாரும் பஞ்ச் அடிக்கறப்ப, ஸ்டெல்லா எடுக்கலையின்னு நீங்க வாயால சொல்லோணுங்க.”

அவர் ஜமால் சாரைப் பார்த்தார். ஜமால் சார் டேப்பை விரலில் சுற்றிக்கொண்டே, “அந்தம்மா கேக்கறது நியாயந்தானுங்களே” என்றார்.

நாலு மணிக்குச் சொன்னார். முணுமுணுவென்றுதான் சொன்னார், ஆனாலும் வரிசையில் கடைசியில் நின்றவள்வரை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு துணி மாற்றும் அறையில் ஸ்டெல்லா அந்தப் பொட்டலத்தை எடுத்து பெஞ்சில் வைத்தாள். யாருக்காகப் போய் வாங்கியது என்று நான்தான் பூங்கொடிக்குச் சொன்னேன். அவள் பிரித்து நெற்றியில் வைத்துக்கொண்டு, கையை மோந்து பார்த்தாள்.

“ஏண்டி, பத்து நாளா டிபன் பாக்ஸோட போட்டு வெச்சிருந்தியா? அம்மன் குங்குமம் சாம்பார் வாசம் அடிக்குது.”

ஸ்டெல்லா அழுகையும் சிரிப்புமாக உட்கார்ந்துவிட்டாள்.

“மறுக்கா மொதல்ல இருந்து அஞ்சு அமாவாசை போகோணும். நீதான் நிக்கோணும், சொல்லிப்போட்டேன்” என்றாள் பூங்கொடி.

மத்தியானமே பாட்டியம்மா கஞ்சி குடித்துவிட்டதாக வார்டிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

எல்லோரும் போன பிறகு ஜமால் சாரிடம் ஒப்புக்கொண்டேன். ஸ்டெல்லா மட்டும் நடப்பதை நான் முதலிலேயே பார்த்துவிட்டேன் என்றேன்.

“எப்ப?”

“போன வாரத் திங்கக்கெழமைங்க சார்.”

அவர் திட்டவில்லை. “அன்னைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தா எத்தனை நேரம் ஆயிருக்கும் துளசியம்மா?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். “ரெண்டு நிமிசங்க சார்.”

“அதையும் சேத்து ரிப்போர்ட்டுல எழுதிருங்க” என்றார். எழுதினேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு பார்த்ததை அடுத்த நாளைக்கு என்று தள்ளியதில்லை.

எப்படிக் கேட்பது என்று கீர்த்தனா கேட்டாள். என்னை மாதிரி கூச்சக்காரிக்கு முகத்துக்கு நேரே நின்று கேட்க வராது. அதனால் துணி டிராலியை வார்டுக்குத் தள்ளிப்போகும்போது, “கூட ஒரு கை பிடி கண்ணு” என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வேன். டிராலி தள்ளும்போது இரண்டு பேரும் முன்னால் பார்த்துத்தான் நடக்க வேண்டும். முகம் பார்க்காவிட்டால் பேச்சு சுலபமாக வரும். லிஃப்டு வருவதற்குள் பாதி சொல்லிவிடுவார்கள். இரண்டு பேரையும் ஒன்றாக நிறுத்திக் கேட்டதில்லை. கேட்டதை மூன்றாவது ஆளிடம் சொன்னதும் இல்லை. வேலை மாற்றிக்கொள்கிறவர்கள் இன்னாருக்காக இன்னார், எந்த நாள் என்று பலகையில் எழுத வேண்டும் என்று வைத்தேன். மறந்துபோனால் பலகை ஞாபகப்படுத்தும், கோபம் வந்தால் பலகைமேல் வரட்டும்.

எல்லாமே சரியாக வந்தது என்று சொல்லமாட்டேன். மல்லிகா என்று ஒருத்தி. நாலு தடவை டிராலிக்குக் கூப்பிட்டேன், நாலு தடவையும் வானிலை பேசிக்கொண்டே வந்தாள். ஒரு நாள் வேலையை விட்டு நின்றுவிட்டாள். எதனால் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இதை எழுதி முடிக்கும் முன்னால், ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று கீர்த்தனா கூப்பிட்டதால் லாண்டரிக்குப் போனேன். இப்போது விரிப்பை மடிக்க மெஷின் வந்துவிட்டது. நல்ல மெஷின். பெண்களுக்குத் தோள் வலி இல்லை, மூலை பிசகாமல் சேருகிறது. யாரும் யாரிடமும் நடந்து போக வேண்டியதில்லை.

“அப்பறம் நான் எதை வெச்சுங்க்கா கண்டுபிடிக்கறது?” என்றாள்.

அரை மணி நேரம் நின்று பார்த்தேன். மெஷின் பக்கம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் காதைக் கொடுத்தேன். மூலை பார்ப்பதற்கு இன்னும் மெஷின் வரவில்லை. ரெண்டு என்று ஒரு குரல் வந்தது. கொஞ்சம் கழித்து மறுபடி ரெண்டு. அதே குரல்தான்.

“அக்கட்ட ஒரு குரல்தான் கேக்குது கண்ணு. போய்க் கேளு. நாளைக்குன்னு வெக்காத.”

அவள் போனாள். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டேன். உக்கடத்தில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் போன் அடித்தது.

“அக்கா, அந்தப் புள்ளைக்குச் சளி புடிச்சுத் தொண்டை கட்டியிருக்குது, அவ்வளவுதான். மூலைய நல்லாத்தான் பாக்கறா, சத்தம்தான் வரலை. ஜோடிக்காரி பாத்துப் பாத்துத் தலையாட்டிக்கறா. நாந்தான் தெரியாம போயி பெரிசா விசாரிச்சு, ரெண்டும் என்னையப் பாத்துச் சிரிக்குதுங்க.”

“தொண்டைக்கு ஏதாச்சும் குடிச்சாளா?”

“ஜோடிக்காரியே பிளாஸ்க்குல சுக்குக் காப்பி கொண்டாந்திருக்கறா.”

“கேட்டதுக்கு எத்தன நேரம் ஆச்சு?”

“என்ன, ரெண்டு நிமிசம் ஆயிருக்குங்க்கா.”

“அப்ப சரி” என்றேன். “நாளைக்கும் கேளு.”